உமிழ்நீர் கண்ணீர் ஆகாது

காக்கநாட்டில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் ஒரு பக் நாய் உண்டு. சோற்றுத்தட்டின் ஓசை கேட்டதும் அதன் கண்களில் நீர் வழியும். காண்போர் அழுகிறது என்பர். வழிவது கண்ணீரன்று, உமிழ்நீர்.

உலர்கண் நோய்க்காக, கன்னத்து உமிழ்நீர் நாளத்தை வாயிலிருந்து பிரித்துக் கீழிமையின் உட்புறம் பொருத்தியிருக்கிறார்கள். 1951-இல் ஃபிலாத்தவும் அவர் துணைவரும் மனிதருக்கென விவரித்த முறை, பின்னர் நாய்களுக்கும் வந்தது. பார்வையைக் காக்கும் கடைசி வழி என்ற அளவில் அதன் மதிப்பை நான் மறுக்கவில்லை. தையல் பிரிக்கும் நாளில் கண் ஈரமாயிருந்தால் ‘வெற்றி’ என்றெழுதிக் கோப்பை மூடும் நம் வழக்கத்தையே மறுக்கிறேன். என் முதல் அறிக்கையையும் நான் அப்படித்தான் முடித்தேன்.

உமிழ்நீரின் கால்சியம் கருவிழியில் வெண்படிவாகப் படிகிறது. வழியும் நீரால் இமையும் முகத்தோலும் புண்ணாகின்றன. நாளம் முறுக்கிக்கொண்டால் கண் மீண்டும் வறள்கிறது. இவற்றை ‘எதிர்பாராத சிக்கல்கள்’ என்கிறோம். உணவின் குறிப்பே உமிழ்நீரைச் சுரக்கச் செய்யும் என்று பாவ்லவ் காட்டி நூறாண்டு கடந்துவிட்டது. இதில் எதிர்பாராதது எது?

1980-களில் ரெனீ காஸ்வனின் ஆய்வால் சைக்ளோஸ்போரின் கண்மருந்தாயிற்று. பல நாய்களில் அது கண்ணீர்ச் சுரப்பையே மீட்கிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஷிர்மர் தாள் நிமிடத்துக்கு 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் நனைவது இயல்பு. அந்த அளவைக் குறிக்காமலும், மருந்துக்கு அவகாசம் தராமலும் கத்தியை எடுப்பது மருத்துவமன்று, அவசரம்.

“வளர்ப்பவர்கள் வாழ்நாளெல்லாம் சொட்டுமருந்து இடமாட்டார்கள், ஆகவே அறுவையே மேல்” என்பார் உளர். அறுவைக்குப் பின் வேலை குறைகிறதா? வேளைதோறும் முகம் துடைக்க வேண்டும். படிவு கண்டால் அதைக் கரைக்கவும் சொட்டுமருந்துதான். எங்கள் அடுக்ககத்து அம்மையார் நாள்தோறும் இதைச் செய்கிறார். இப்படி ஆகும் என்று முன்னரே அவரிடம் எவரும் சொல்லவில்லை.

ஆய்வு மாணவ நண்பர்களே, இரண்டைக் கடமையாக்குவோம். வரக்கூடிய சிக்கல்களை வளர்ப்பவரின் மொழியிலேயே எழுதி, விளக்கி, அதன் பிறகே கையொப்பம் பெறுவோம். ஓராண்டு கழித்து அந்தக் கண்ணை மீண்டும் பார்க்காமல் ‘வெற்றி’ என்ற சொல்லை எழுதாதிருப்போம்.