நூதனசாலைக்குச் செல்லும் நாள் வீண் நாளன்று

எமது பிள்ளைகளின் கல்வியில் நாம் காட்டும் அக்கறை உலகறிந்தது. வீட்டையும் ஊரையும் இழந்து இந்நாட்டுக்கு வந்த பின்னரும் கல்வியை இழக்க நாம் சம்மதிக்கவில்லை. இரவு வேலை செய்தாவது பிள்ளையைக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ரியூசனுக்கு அனுப்பும் பெற்றோர் எம்மிடையே ஏராளம். ஆனால் அதே வீடுகள் சிலவற்றில், பாடசாலை அனுப்பிய நூதனசாலைப் பயண அனுமதிக் கடிதம் கையொப்பமின்றிக் கிடக்கின்றது. "அது விளையாட்டுப் பயணம்; அன்றைக்கு வீட்டிலிருந்து படிக்கட்டும்" என்பது அதற்குக் கூறப்படும் நியாயம். இந்நியாயம் சரியானதுதானா என்பதை நாம் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

இலண்டன் சவுத் கென்சிங்ரனில் உள்ள இயற்கை வரலாற்று நூதனசாலையையே எடுத்துக்கொள்வோம். 1881ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்நிறுவனத்தில் இன்று ஏறத்தாழ எட்டுக் கோடி மாதிரிகள் உள்ளன. உலகெங்குமுள்ள ஆய்வாளர்கள் நாடிவரும் ஆராய்ச்சி நிலையம் அது. 1987ஆம் ஆண்டு விதிக்கப்பட்ட நுழைவுக் கட்டணம் 2001ஆம் ஆண்டு டிசம்பரில் நீக்கப்பட்டது. இன்று நிரந்தரக் காட்சிக்கூடங்களைப் பார்வையிட ஒரு பென்னியும் தேவையில்லை. பாடசாலைக் குழுக்கள் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டாற் போதுமானது.

அங்கே செல்லும் மாணவர் கண்ணாடிப் பெட்டிகளை வரிசையாகப் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. பாடசாலைகளுக்கான செய்முறை வகுப்புகளில் பிள்ளைகள் மாதிரிகளைக் கையிலெடுத்து ஆராய்கின்றனர். ஒரு பல்லைக் கொடுத்து, இவ்விலங்கு எதை உண்டிருக்கும் என்று கேட்டால், தட்டையாக அகன்ற பல் புல்லை அரைப்பதற்கு, கூரிய பல் தசையைக் கிழிப்பதற்கு என்று பிள்ளை தானாகவே முடிவுக்கு வருகின்றது. பார்த்தல், ஒப்பிடுதல், ஊகித்தல், ஊகத்தைச் சோதித்தல் என்பனவே விஞ்ஞானத்தின் அடிப்படை. புத்தகத்தில் உள்ள விடையை மனனம் செய்யும் பிள்ளைக்கு இந்த நான்கும் கிட்டுவதில்லை.

நூதனசாலையின் பெரிய மண்டபத்தில் 2017ஆம் ஆண்டு முதல் 25 மீற்றர் நீளமான நீலத்திமிங்கில எலும்புக்கூடு ஒன்று தொங்குகின்றது. 1891ஆம் ஆண்டு அயர்லாந்தின் வெக்ஸ்போர்ட் கரையில் ஒதுங்கிய திமிங்கிலம் அது. அதற்குப் பற்கள் இல்லை. மேல்தாடையில் தொங்கும் சீப்புப் போன்ற தகடுகளால் கடல்நீரை வடித்து, இறால் போன்ற சிற்றுயிர்களை உண்டு வாழும் விலங்கு அது. நூறாண்டுக்கும் மேலாகப் பேணப்பட்ட அத்தகடுகளை இரசாயன முறையில் ஆராய்ந்து, அதன் கடைசி ஏழு ஆண்டு வாழ்க்கையை அறிஞர்கள் அண்மையில் ஊகித்தறிந்தனர். இதே இனத் திமிங்கிலங்கள் எமது திருகோணமலைக் கடலிலும் உலவுகின்றன. அந்த எலும்புக்கூட்டின் கீழ் நிற்கும் தமிழ்ப் பிள்ளைக்கு இதைச் சொல்லவேண்டியவர்கள் யார்? ஆங்கில ஆசிரியருக்கு அது தெரியாமலிருக்கலாம். பெற்றோராகிய நாமே சொல்ல வேண்டும்.

கடிதத்தில் கேட்கப்படும் பணத்தைக் கண்டு தயங்கும் பெற்றோருக்கு ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்த விரும்புகிறோம். அரச பாடசாலைகள் பாடசாலை நேரத்தில் நடத்தும் கல்விப் பயணங்களுக்குக் கட்டணம் அறவிட முடியாது என்பதை 1988ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் வகுத்தது. 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்திலும் அவ்விதி தொடர்கின்றது. கடிதத்தில் கேட்கப்படுவது விருப்ப நன்கொடை மட்டுமே. பணம் கொடுக்க இயலாத காரணத்தால் எந்தப் பிள்ளையையும் பயணத்திலிருந்து விலக்க முடியாது. ஆனால் போதிய நன்கொடை சேராவிடில் பயணமே கைவிடப்படலாம். ஆகவே இயன்றவர்கள் கொடுப்பது கடமை. இயலாதவர்கள் வெட்கப்பட்டுப் பிள்ளையை வீட்டில் மறித்து வைக்கத் தேவையில்லை.

"பரீட்சைக்கு இது உதவுமா?" என்று கேட்போரும் உளர். இங்கிலாந்தின் இன்றைய ஜீ.சீ.எஸ்.ஈ. விஞ்ஞானப் பரீட்சையில் குறைந்தது 15 வீதமான புள்ளிகள் செய்முறைத் திறனைச் சோதிக்கும் வினாக்களுக்கு உரியவை. அவதானிக்கப் பழகாத பிள்ளை அங்கே தடுமாறுகின்றது. ஆனால் புள்ளிகளுக்காக மட்டும் நாம் இதை வலியுறுத்தவில்லை. எமது சமூகம் வைத்தியர்களையும் பொறியியலாளர்களையும் கணக்காளர்களையும் உருவாக்கியுள்ளது. உயிரினங்களை, பாறைகளை, கடலை ஆராயும் விஞ்ஞானிகள் எம்மில் எத்தனை பேர்?

இத்தனைக்கும் அத்துறையில் எமக்கொரு முன்னோடி உண்டு. கலை அறிஞராக நாம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி, முதலில் ஒரு புவிச்சரிதவியலாளர். 1877ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு இங்கேயே வளர்ந்தவர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்றவர். இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளராகவிருந்த காலத்தில், 1904ஆம் ஆண்டு, தோரியனைட் என்னும் கதிரியக்கக் கனிமத்தைக் கண்டறிந்தவர் அவரே. இந்நாட்டில் வளரும் எமது பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் வேண்டுமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணக்கல்லை உடைத்தே வெட்டப்பட்டவை. அக்கல், அந்நிலம் கடலுக்கடியில் இருந்த மயோசீன் காலத்துப் படிவு. அதனுள்ளே சிப்பிகளினதும் பவளங்களினதும் சுவடுகள் உண்டு. நூதனசாலையில் சிப்பிச் சுவடு பதிந்த கல்லைத் தடவிப் பார்த்த பிள்ளை வீடு திரும்பும்போது, அதன் பேரனாரால் தம் வளவுக் கிணற்றைப் பற்றிச் சொல்ல முடியும். ஊரைக் காணாத பிள்ளைக்கு ஊரின் மண்ணைப் பற்றிச் சொல்ல இதுவும் ஒரு வழி.

சனிக்கிழமைகளில் இயங்கும் எமது தமிழ்ப் பாடசாலைகளுக்கும் இதில் பங்குண்டு. ஆண்டுதோறும் கேளிக்கைப் பூங்காவுக்குப் பேருந்து அமர்த்தும் நிர்வாகங்கள், ஓராண்டு நூதனசாலைக்கு அமர்த்திப் பார்க்கட்டும். திமிங்கிலம், முள்ளந்தண்டு, உயிர்ச்சுவடு என்ற சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் பாடமாக்குவதைவிட, அப்பொருள்களின் முன்னே நிறுத்திச் சொல்லிக்கொடுத்தால் மொழியும் நிலைக்கும், அறிவும் வளரும். தாயகத்தில் விலங்கியலும் தாவரவியலும் கற்பித்த ஆசிரியர்கள் பலர் இன்று இந்நகரின் கடைகளிலும் எரிபொருள் நிலையங்களிலும் வேலை செய்கின்றனர். அவர்களை வழிகாட்டிகளாக அழைப்போம். அவர்களது அறிவு இன்னொரு தலைமுறைக்குப் பயன்படட்டும்.

அடுத்த முறை அந்தக் கடிதம் வீட்டுக்கு வரும்போது கையொப்பமிடுங்கள். குழுவோடு துணையாகச் செல்லப் பெரியவர்கள் தேவையென்று பாடசாலை கேட்டால், ஆங்கிலம் போதாதென்று தயங்காது நீங்களும் செல்லுங்கள். மாலையில் பிள்ளை திரும்பியதும், எத்தனை புள்ளி என்று கேட்பதை விடுத்து, எதைக் கையிலெடுத்துப் பார்த்தாய் என்று கேளுங்கள்.