பாசி மருந்தா? பதிவு எங்கே?

கடியப்பட்டணம் வட்டார விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே!

ரெண்டு நாள் மூடாப்புப் போட்டால் போதும், வள்ளியாற்றங்கரை விளைகளில் வெள்ளரி, புடல், பாகல் இலையெல்லாம் அடிச்சாம்பல் நோய். கடன் வாங்கி மருந்தடிக்கிறோம். இப்போது, “பாசி மருந்து அடிங்க, பூஞ்சையே வராது” என்று குப்பியை நீட்டுகிறார்கள்.

பாசியை நாம் பழிக்கவில்லை. நீலப்பச்சைப்பாசி நெல்லுக்குத் தழைச்சத்து தருவது தெரிந்ததே. குளோரெல்லா போன்ற நுண்பாசிச் சாறு பயிரின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதையும் ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஆனால் அது வருமுன் காக்கத்தான். முற்றிய நோய்க்கு மருந்தல்ல.

2021-இல் உயிரியல் ஊக்கிகள் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்தன. ஊக்கி என்று அனுமதி வாங்கியதை நோய் மருந்து என்று விற்கக் கூடாது. பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் என்று சொன்னால், 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்க! ரசீதைக் கேளுங்க!

டிரைக்கோடெர்மாவையும் சூடோமோனாஸையும் வேளாண்மைப் பல்கலைக்கழகமே தயாரித்துத் தருகிறது. நுண்பாசியை மட்டும் வியாபாரி கையில் விடுவதேன்?

அரசே! திருப்பதிசாரம், பேச்சிப்பாறை ஆராய்ச்சி நிலையங்கள் நம் விளையிலேயே, நம் கண் முன்னால் சோதிக்கட்டும். பலன் இருந்தால் மலிவாகத் தரட்டும். இல்லையென்றால் வெளிப்படையாகச் சொல்லட்டும்!

சோதனைச் செலவு அரசுக்கு. சாகுபடி நஷ்டம் நமக்கா? ஒன்றுபடுவோம்! கேட்டுப் பெறுவோம்!