திரை யார் கையில்?

1905-ஆம் ஆண்டு. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், நோயுற்று ஊர் திரும்ப எண்ணிய பிரெஞ்சுக்காரர் டூபாண்டிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கண்டார். சீமான் வீட்டுச் செல்வரல்ல, ஜமீன் வாரிசல்ல. மாதச் சம்பளத்துக்கு உழைத்தவர்! தென்னகத் திரைத்தொழில் ஓர் உழைப்பாளியின் கையில் தவழ்ந்தது என்று பொன்மலைத் தோழர்கள் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம்.

இன்று அந்தக் கூடாரம் கைப்பேசிக்குள் சுருண்டுவிட்டது. காவிரிப் பாலத்தை பஸ் கடப்பதற்குள், திருவரங்கத்து இளைஞன் ஒரு சண்டையும் ஒரு சிரிப்பும் பார்த்து முடிக்கிறான். 2016-இல் இணையக் கட்டணம் சரிந்தது. 2020-இல் கொரோனா கொட்டகைகளைப் பூட்டியது. 'பொன்மகள் வந்தாள்', 'சூரரைப் போற்று' இரண்டும் நேரே வீட்டுக்குள் வந்தன.

வரட்டும்! வேண்டாம் என்போரல்லர் நாம். நாம் கேட்பது ஒன்றே: சாவி யாரிடம்? எந்தப் படத்தை முன்னே வைப்பது, எதை மூலையிலே தள்ளுவது என்பதைக் கடல் கடந்த கம்பெனியும் மும்பை முதலாளியும் முடிவு செய்கின்றனர். கொட்டகைக்காரரிடம் நேரே நின்று வாதாடலாம். கண்ணுக்குத் தெரியாத கணக்குப் பொறியிடம் யார் வாதாடுவது?

இந்தோனேசியாவைப் பாருங்கள்! டச்சுக்காரன் காலடியில் கிடந்த நாடு. அங்கே 2019-இல் ஒருவர் பெயர் மறைத்து இணையத்தில் எழுதிய பேய்க்கதை, 2022-இல் படமாகி 90 லட்சம் பேருக்கு மேல் அரங்குக்கு அழைத்து வந்தது. 2025-இல் 'ஜும்போ' என்னும் கார்ட்டூன் படம் ஒரு கோடிப் பேரைத் தாண்டியது. சொந்த மொழி, சொந்தக் கதை! இணையம் அரங்கை விழுங்கவில்லை; அரங்குக்கு ஆள் சேர்த்தது.

அண்டை வீட்டுக் கேரளம் சும்மா இருந்ததா? 2024 மார்ச்சில் 'சி ஸ்பேஸ்' என்று அரசே ஒரு படத் தளம் திறந்தது. பார்த்த படத்துக்கு மட்டும் காசு!

தமிழ்நாட்டுக்கும் அத்தகைய தளம் வேண்டும். தரமணித் திரைப்படக் கல்லூரி மாணவன் எடுக்கும் படம் அதிலே ஏறவேண்டும். ஆலைத் தொழிலாளியின் மகள் எடுக்கும் குறும்படத்துக்கும் அதிலே இடம் வேண்டும். எத்தனை பேர் பார்த்தனர், எவ்வளவு காசு வந்தது என்ற கணக்கு, எடுத்தவர் கண்முன் விரிக்கப்படவேண்டும்.

கருவி எளியவன் கைக்கு வந்துவிட்டது. கதவும் திறக்கட்டும்! அதற்குக் குரல் கொடுப்பது நமது கடமை.