சுருள்வில்லை வெட்டாதீர், மாற்றுங்கள்!



பள்ளி முடிந்து மணியடித்ததும் வாசலில் வந்து நிற்கும் மகிழுந்துகளைப் பின்னாலிருந்து பாருங்கள். பழைய புரோட்டோன் சாகாவும் வீராவும் இன்னும் பல உள்ளன. பிள்ளைகள் ஐவர் ஏறி, புத்தகப் பைகளையும் ஏற்றியதும் வண்டியின் பின்பக்கம் அடைகாக்கும் கோழிபோல் தாழ்ந்து அமர்ந்துவிடுகிறது. சாலை மேட்டில் ஏறி இறங்கும்போது அடியில் 'டொக்' என்று ஓர் ஓசை. ஓட்டுபவர் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்பார்.

அப்படித்தான் இருக்கும் என்பது முழுப் பொய். வண்டி பழையதாகலாம். அதைத் தாங்கும் சுருள்வில்லும் பழையதாகவே இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பட்டறையில் ஸ்பிரிங் என்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். வீரா 1993இல் அறிமுகமாகி 2009இல் உற்பத்தி நின்ற வண்டி. கடைசியாக வெளிவந்த வீராவுக்கே 15 வயது கடந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளில் எண்ணெய் மாற்றினோம், டயர் மாற்றினோம், பேட்டரி மாற்றினோம். ஏறத்தாழ ஆயிரம் கிலோ எடையை இரவும் பகலும் சுமந்து நிற்கும் அந்த நான்கு வில்களை எத்தனை பேர் மாற்றியிருக்கிறோம்?

"அது வெறும் இரும்பு ஐயா, தேயுமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் இரும்பன்று; பதப்படுத்திய எஃகு. அளவாகச் சூடேற்றி, எண்ணெயில் தோய்த்து, மீண்டும் மிதமாகச் சூடேற்றித்தான் அந்த வளையும் தன்மையை அதற்கு ஊட்டுகிறார்கள். நெடுங்காலச் சுமையில் அது சிறிது சிறிதாகக் குறுகிவிடுகிறது. கல் தெறித்து வண்ணப்பூச்சு பெயர்ந்த இடத்தில் நம் நாட்டு மழையீரம் துருவைக் கொண்டுவருகிறது. அந்தத் துருக்குழியில்தான் விரிசல் பிறக்கும். பெரும்பாலும் அடிச்சுற்றில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில்! முறிந்த வில்லின் நுனி டயரைக் கிழித்ததால் உற்பத்தியாளர்களே வண்டிகளைத் திரும்ப அழைத்து வில்லை மாற்றிக் கொடுத்த நிகழ்வுகள் வெளிநாடுகளில் உண்டு.

முறியாவிட்டாலும் கேடுதான். தாழ்ந்த வண்டியில் சக்கரம் மேலெழும்ப இடமில்லை. சிறு பள்ளத்திலும் அடித்தாங்கி ரப்பரில் போய் மோதுகிறது. அந்தக் கணத்தில் டயர் சாலையைச் சரியாகப் பற்றுவதில்லை; பிரேக் அழுத்தினால் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. டயரின் உள்விளிம்பு மட்டும் வழுக்கையாகிறது. பின்பக்கம் தாழ்ந்தால் முன்விளக்கின் ஒளி மேல்நோக்கிப் போய் எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்கிறது. புதிய அப்சோர்பர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. அப்சோர்பர் ஆட்டத்தை அடக்கும். எடையைத் தாங்குவது வில்தான்.

இனி, என்னைச் சினங்கொள்ள வைக்கும் செய்திக்கு வருகிறேன். சில பட்டறைகளில் நடக்கும் மலிவு மருத்துவம்!

முதலாவது, சுற்றுகளுக்கிடையே ரப்பர்த் துண்டைத் திணிப்பது. வண்டி உயர்ந்து நிற்பதைப் பார்த்து நாமும் மகிழ்ந்து திரும்புகிறோம். ஆனால், ரப்பர் இறுகிய சுற்று வேலை செய்வதில்லை. அதன் பங்கையும் மற்றச் சுற்றுகளே சுமக்கின்றன. அடுத்தது அதனினும் கொடிது. ஒருபக்கம் தாழ்ந்துவிட்டது என்றால், இருபக்கமும் சமமாகத் தெரிவதற்காக நல்ல பக்கத்து வில்லையும் வெட்டிவிடுவது! ஒருகால் நொண்டுகிறது என்பதற்காக மறுகாலையும் உடைப்பார் உண்டோ? ஆறு சுற்றுகள் வேலை செய்யும் வில்லில் ஒரு சுற்றை வெட்டினால், மிஞ்சிய வில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக விறைக்கும். இது நாம் பள்ளியில் படித்த இயற்பியல்தான். வெட்டிய நுனி தன் இருக்கையில் ஒழுங்காக உட்காராது. தீயால் வெட்டினாலோ, எஃகுக்கு ஊட்டிய பதமும் அங்கே எரிந்துபோகிறது. இளைஞர்கள் அழகுக்காக வண்டியைத் தாழ்த்துவதும் இதே கதைதான்.

ஜப்பானில் கழித்துப் போட்ட வண்டிகளின் ஆப்-கட் உதிரிகளும் உண்டு. கதவு, கண்ணாடி என்றால் நானும் வாங்குவேன். வில்லை வாங்க மாட்டேன். எத்தனை ஆண்டு சுமந்த வில், எந்த எடைக்குச் செய்த வில் என்று யாருக்குத் தெரியும்?

"பழைய வண்டிக்கு இவ்வளவு செலவா?" என்று கேட்கும் அதே அன்பர்தான் அலுமினிய ரிம்மும் பின்சிறகும் வாங்கிப் பூட்டியிருக்கிறார். நான்கு ரிம்களுக்குக் கொடுத்த பணத்தில் நான்கு வில்களையும் மாற்றி மிச்சமும் பிடித்திருக்கலாமே! பணமே இல்லாத பெற்றோரை நான் குறை கூறவில்லை. அவர்கள் இவ்வாண்டு பின்பக்கச் சோடியையும் அடுத்த ஆண்டு முன்பக்கச் சோடியையும் மாற்றட்டும்.

சிங்கப்பூரில் 3 ஆண்டைக் கடந்த மகிழுந்தை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், 10 ஆண்டைக் கடந்ததை ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். இங்கே சொந்த மகிழுந்துக்கு அத்தகைய கட்டாயச் சோதனை இல்லை. கைமாற்றும்போது நடப்பதோடு சரி. ஆகவே சோதிக்க வேண்டியவர்கள் நாமே. (பின்னிருக்கை வார் 2009 முதல் கட்டாயம். மூவர் இருக்கையில் ஐவரை அடைப்பதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

சோதனை எளிது. சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மேலே உள்ள வளைவு விளிம்புவரை அளவுநாடாவால் அளந்து, இடத்தையும் வலத்தையும் ஒப்பிடுங்கள். விரலகலம் வேறுபட்டால் பட்டறைக்குப் போங்கள். வீட்டில் நீங்களே கழற்ற முயல வேண்டா. முன்பக்க வில்லை அதற்குரிய கருவியால் இறுக்காமல் மேல்மரையைத் திருகினால் அது பாய்ந்து உயிரையே வாங்கிவிடும்.

பட்டறையில் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். ஒரே அச்சில் இருபக்கமும் புதிய வில். ரப்பர்ப் புதை உள்ள மரைகளை வண்டி தரையில் நின்று எடை ஏறிய பிறகே இறுக்குதல். முடிவில் சக்கர நேர்சீர் சோதனை. கழற்றிய பழைய வில்லையும் விடாதீர்கள். அதைப் புதியதன் அருகே நிறுத்திப் பாருங்கள், எவ்வளவு குட்டையாகியிருக்கிறது என்று. "ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு சார்" என்று உங்களிடம் சொன்னவரையும் அருகே அழைத்துக் காட்டுங்கள்.