ஒரு வார்த்தை கேட்டார்களா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவி)



சென்ற பருவத்தில் எங்கள் துறையில் ஆளுக்கொரு கருத்தரங்கக் கட்டுரை படிக்க வேண்டும் என்றார்கள். எனக்கு வந்த தலைப்பு 'மின்காந்த அலைகளும் மனித உடலும்'. செல்பேசிக் கோபுரம், மைக்ரோவேவ் அடுப்பு என்று எல்லோரும் எழுதுவதையே நானும் எழுதுவானேன் என்று தேடியபோது அகப்பட்டது தென்கொரியாவின் சொங்ஜூ வட்டாரத்துக் கதை. 'தாட்' எனப்படும் அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு நிலையம் தங்கள் மண்ணில் வரக்கூடாது என்று அவ்வூர் விவசாயிகள் 2016-ஆம் ஆண்டில் கிளர்ந்தெழுந்தார்கள். ராடார் அலையால் நோய் வரும், விளைச்சல் கெடும் என்று அஞ்சினார்கள். நான் அதையெல்லாம் படித்துவிட்டு, 'விஞ்ஞான அறிவின்மையால் விளைந்த வீண் அச்சம்' என்று கட்டுரையை முடித்தேன். மோனைகூட அமைந்துவிட்டதே என்று எனக்கு நானே மகிழ்ந்துகொண்ட வாக்கியம் அது. அந்த வாக்கியத்தில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இப்போது எழுதுகிறேன்.

முதலில் விஞ்ஞானத்தைச் சொல்லிவிடுகிறேன். தாட் ஏவுகணையின் தலையில் வெடிமருந்து கிடையாது. பாய்ந்து வரும் எதிரி ஏவுகணையின் மீது நேருக்கு நேர் மோதி, மோதலின் இயக்க ஆற்றலாலேயே அதைத் தூளாக்குகிறது. நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கச் சொல்லி ஒன்பதாம் வகுப்பில் நாம் உருப்போட்ட சூத்திரம்தான்! தரையிலிருந்து 40 கிலோமீட்டர் முதல் 150 கிலோமீட்டர் வரை உயரத்தில் இந்த மோதல் நடக்கும். சொங்ஜூவில் கொண்டுவந்து நிறுத்தியவை 6 ஏவு வாகனங்கள். வாகனத்துக்கு 8 வீதம் 48 ஏவுகணைகள். இவற்றுக்குக் கண்ணாக இருப்பது ராடார். சுமார் 3 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள அலைகளை வானத்தில் வீசி, திரும்பி வருவதைக் கொண்டு இலக்கைக் காண்கிறது. நிலையம் இருப்பது ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்து மலைமேல். அலைக்கற்றையும் மேல்நோக்கியே செல்கிறது. ஆகவே கீழே ஊருக்குள் வந்து சேர்வது மிகச் சொற்பம். 2023 ஜூன் மாதம் கொரிய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் அளந்து சொன்ன மிக உயர்ந்த அளவு சதுர மீட்டருக்கு 0.018870 வாட். அனுமதிக்கப்பட்ட எல்லையோ 10 வாட். எல்லையில் 0.19 சதவிகிதம்கூட முழுதாக இல்லை. இந்தக் கணக்கில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

கட்டுரையை எடுத்துக்கொண்டு வார விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அதனால் நான் எதை எழுதினாலும் அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். இது எங்கள் வீட்டுச் சட்டம். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஏரி வற்றிய பிறகு அதில் வெள்ளரி போட்டு, கோடையில் சாலையோரம் கூடையில் வைத்து விற்பவர். சொங்ஜூவிலும் அதே தொழில்தான் என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொரியாவில் 'சாம்வே' என்றொரு பழம் உண்டு. மஞ்சள் தோலில் வெள்ளைக் கோடு ஓடும். நம் வெள்ளரிப்பழத்துக்கும் கிர்ணிப் பழத்துக்கும் உடன்பிறப்பு. கொரியா முழுவதும் விற்கும் சாம்வேயில் பாதிக்கும் மேல் சொங்ஜூவின் பாலிதீன் கொட்டகைகளில் விளைகிறது. "ராடார் பழம்னு ஒருத்தன் சொல்லிட்டாப் போதும்மா, கூடை அப்படியே நிக்கும்" என்றார். அப்புறம் கேட்டார்: "அதெல்லாம் சரி. வைக்கிறதுக்கு முன்னாடி அந்த ஊர்க்காரங்கள ஒரு வார்த்த கேட்டாங்களா?"

என் கட்டுரையில் அதற்கு விடை இல்லை.

அப்பா அப்படிக் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. நான் பள்ளியில் படித்தபோது ஒரு நாள் அவர் சந்தைக்குப் போய்த் திரும்பினால் எங்கள் அரை ஏக்கர் மேட்டு நிலத்தில் சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சிகள் நட்டிருந்தன. உயர்மின் கோபுரம் வரப்போகிறதாம். வந்தது. இழப்பீடும் வந்தது. கம்பியால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வரவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு வந்தால் இன்றைக்கும் அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார்.

விடுதிக்குத் திரும்பி மறுபடியும் படித்தேன். இம்முறை வாட் கணக்கை விட்டுவிட்டுத் தேதிகளைப் படித்தேன்.

தாட் வருகிறது என்று இரு அரசுகளும் அறிவித்தது 2016 ஜூலை 8. இடம் சொங்ஜூ என்று அறிவித்தது ஜூலை 13. சுமார் 45,000 பேர் வாழும் அந்த வட்டாரத்து மக்களிடம் அதற்கு முன்பு யாரும் பேசவில்லை. ஜூலை 15 அன்று பிரதமர் ஹுவாங் கியோ-ஆன் நேரில் வந்து, முன்கூட்டிச் சொல்லாததற்கு வருத்தம் தெரிவித்தார். முட்டையும் தண்ணீர்ப் புட்டியும் பறந்தன. அவர் ஏறிய பேருந்தை மக்கள் மணிக்கணக்கில் நகர விடவில்லை. முட்டை வீசியது சரி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முடிவெடுத்த பிறகு விளக்கம் சொல்ல வருவதற்குக் கலந்து பேசுதல் என்று பெயரில்லை. 'வெளியூர்க்காரர்கள் தூண்டிவிடுகிறார்கள்' என்று உடனே ஒரு பேச்சு கிளம்பியது. எந்த நாட்டிலும் இந்தப் பேச்சு மட்டும் தாமதமாக வருவதே இல்லை! அதற்காகவே ஜூலை 21-இல் சோல் நகரத்துக்கு ஊர்வலம் போன சொங்ஜூ மக்கள் நீல நாடாவும் பெயர் அட்டையும் குத்திக்கொண்டு போனார்கள், தாங்கள் சொங்ஜூக்காரர்கள்தாம் என்று காட்ட. தன் ஊர்ப் பிரச்சினைக்குத் தான் உரியவன்தான் என்று சட்டையில் எழுதிக் காட்ட வேண்டிய நிலையை எண்ணிப் பாருங்கள். ஜூலை கடைசியில் விவசாயிகள் சிலர் விளைந்த சாம்வே வயலையே டிராக்டர் விட்டு உழுதார்கள். ஆகஸ்ட் 15, அவர்களுடைய விடுதலை நாளில், 900-க்கும் மேற்பட்டோர் தலையை மழித்துக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் இவர்கள் அரசை எதிர்த்தே பழகியவர்கள் அல்லர். 2012 அதிபர் தேர்தலில் பார்க் குன்-ஹே அம்மையாருக்கு நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேல் வாக்களித்த வட்டாரம் அது. அந்த அம்மையாரின் அரசுதான் தாட்டையும் அங்கே அனுப்பியது.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பெரிய வேதனை. ரத்தத்தால் எழுதியும் உண்ணாவிரதம் இருந்தும் எதிர்த்த வட்டாரத் தலைவர், ஆகஸ்டு மாதமே, வேறிடம் பாருங்கள் என்று அரசைக் கேட்டார். செப்டம்பர் 30-இல் இடம் மாறியது. எங்கே? அதே சொங்ஜூவின் வடகோடியில், லோட்டே நிறுவனத்தின் கோல்ஃப் மைதானத்துக்கு. நகரத்துக்கு அருகே இருந்த தொல்லை, முதியவர்கள் மிகுந்த சோசொங்-ரி என்ற சின்னஞ்சிறு மலையூரின் தலைமேல் போய் இறங்கியது. அது வொன் பௌத்தர்களின் புனித ஊர்; அவர்களுடைய இரண்டாம் தலைமைக் குரு பிறந்த மண். மைதானத்துக்கு மறுபக்கம் உள்ள கிம்ச்சொன் நகர மக்களும் இப்போது வீதிக்கு வந்தார்கள். நகரத்தார் பலர் வீடு திரும்பினார்கள். எல்லோரும் அல்லர். 'சொங்ஜூவில் வேண்டாம்' என்று தொடங்கியவர்களில் ஒரு பகுதியினர் அதற்கு முன்பே, 'கொரியாவில் எங்குமே வேண்டாம்' என்று முழக்கத்தை மாற்றிவிட்டிருந்தார்கள். தன் வீட்டு வாசலிலிருந்து பக்கத்து வீட்டு வாசலுக்குக் குப்பையைத் தள்ளினால் போதும் என்று நினைக்காத இவர்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை.

2017 ஏப்ரல் 26 விடியற்காலை, ஏறத்தாழ 8,000 போலீசார் சாலையை அடைத்து நிற்க, ராடாரும் இரண்டு ஏவு வாகனங்களும் மலையேறின. புதிய அதிபரைத் தேர்ந்தெடுக்க இரண்டே வாரம் இருந்தது. அதுவரை பொறுக்கவில்லை. ஜூன் மாதம் புதிய அதிபர் மூன் ஜே-இன் மாளிகை ஒரு செய்தியை வெளியிட்டது. 3,30,000 சதுர மீட்டருக்குக் குறைந்த நிலம் என்றால் சுருக்கமான சுற்றுச்சூழல் மதிப்பீடு போதும் என்பது அந்நாட்டு விதி. மொத்தம் சுமார் 7,00,000 சதுர மீட்டர் தரத் திட்டமிட்டிருந்த பாதுகாப்பு அமைச்சகம் முதல் தவணையில் கொடுத்தது 3,28,779 சதுர மீட்டர்! கணக்குப் படிக்கிற பெண் நான். எல்லைக் கோட்டுக்குச் சற்றே உள்ளே வந்து நிற்கும் எண்ணைப் பார்த்தால் அது தானாக வந்ததா, கொண்டுவந்து நிறுத்தியதா என்று எனக்குத் தெரியும்.

மூன் ஜே-இன் முழு மதிப்பீட்டுக்கு உத்தரவிட்டார். செப்டம்பர் 3-இல் வடகொரியா ஆறாவது அணுகுண்டுச் சோதனை நடத்தியது. நான்கே நாளில், செப்டம்பர் 7-இல், மீதி நான்கு வாகனங்களும் 'தற்காலிகமாக' என்ற அடைமொழியோடு மேலே போயின. இரவெல்லாம் சாலையில் உட்கார்ந்திருந்த பாட்டிமாரைப் போலீசார் தூக்கி ஓரமாக்கினார்கள். முழு மதிப்பீடு முடிந்தது நான் முன்னே சொன்ன 2023 ஜூனில். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு! 2024 மார்ச்சில் அரசியல் சாசன நீதிமன்றம் ஊர்க்காரர்களின் மனுக்களைத் தள்ளிவிட்டது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். வடகொரியாவின் குண்டு கற்பனையல்ல. 2016-இல் மட்டும் இரண்டு முறை சோதித்தது. பக்கத்து வீட்டில் அணுகுண்டு இருக்கும்போது கதவுக்குத் தாழ் போடாதே என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் தாட் ஏவுகணை எட்டும் தூரம் 200 கிலோமீட்டர். நாட்டு மக்களில் பாதிப் பேர் வாழும் சோல் வட்டாரத்தில் பெரும்பகுதி அதற்கு வெளியே நிற்கிறது. தெற்கே உள்ள அமெரிக்கப் படைத்தளங்கள் உள்ளே வருகின்றன. இது யார் வீட்டுத் தாழ் என்று சொங்ஜூக்காரர் கேட்டால் அதை அறிவின்மை என்று தள்ள முடியுமா?

அச்சத்தில் தவறிருந்தது, மெய்தான். அந்தத் தவறை ஊதி வளர்த்தவர்களும் உண்டு. உடம்பு அலையில் வறுபடும் என்று மேடையில் பாட்டுப் பாடிய தலைநகர் எம்.பி.க்கள் பாடிவிட்டுப் போய்விட்டார்கள். 2023-இல் எண் வெளிவந்ததும் ஏச்சு வாங்கியதில் ஊர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். 2016-லேயே அளந்து காட்டியிருந்தால் அந்தப் பாட்டுக்கு மேடை ஏது? 2017 தேர்தலில் தாட்டை ஆதரித்த வேட்பாளருக்கே சொங்ஜூவில் பாதிக்கு மேல் வாக்கு விழுந்ததையும் காட்டி நகைத்தார்கள். பழைய கட்சிப் பற்று ஓராண்டில் போய்விடுமா? எங்கள் ஊரில் தாத்தா போட்ட சின்னத்துக்கே பேரனும் போடுகிறான்.

கருத்தரங்கு நாளில் 0.19 என்ற எண்ணை நான் அடிக்கவில்லை. கரும்பலகையில் அதன் பக்கத்தில் இரண்டு தேதிகளை மட்டும் எழுதினேன்: ராடார் வந்தது 2017 ஏப்ரல், அளந்து முடித்தது 2023 ஜூன். பேராசிரியர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது இயற்பியலில் சேருமாம்மா?" என்றார். "தெரியவில்லை ஐயா" என்றேன். இருபதுக்குப் பதின்மூன்று போட்டார். அப்பாவிடம் சொன்னபோது, "கேள்வி என்னுது, ஏழு மார்க்கு எங்கிட்டதான் கழிச்சிருக்காரு" என்றார்.