சர்ட்டிபிகேட் கையில, சம்பளம் எங்கே? (லீட்ஸ் கடிதம் - 9)

செமஸ்டர் கடைசி, அதான் பத்து நாளா இந்தப் பக்கம் வரல. பப்ளிக் ஹெல்த் படிக்கப் போறேன்னு சொன்னப்ப "கொசு மருந்து அடிக்கிற வேலையா?"ன்னு கேட்ட நண்பர்களுக்காகவே இந்தப் பதிவு :-)

இந்த வாரம் பாடம்: மருத்துவமனை ஊழியர்களோட திறனை எப்படி அளக்கிறது, அதை வச்சு எப்படி மேல ஏத்துறது.

இங்கிலாந்து அரசு மருத்துவத் துறையில (என்.எச்.எஸ்.) முன்னாடி தொழிலுக்குத் தொழில் தனிச் சம்பளக் கணக்கு. 2004-ல 'அஜெண்டா ஃபார் சேஞ்ச்'னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. டாக்டர், பல் டாக்டர், உச்சத்துல இருக்கிற மேலாளர்கள் தவிர, பத்து லட்சம் பேருக்கு மேல ஒரே ஏணி. அதுல 9 படி. படிக்குப் பேரு 'பேண்ட்'. புதுசா பதிவு செஞ்ச நர்ஸ் பேண்ட் 5-ல ஆரம்பிப்பாங்க.

எந்த வேலை எந்தப் படின்னு முடிவு பண்ண 16 அம்சத்துக்கு மார்க் போடுறாங்க. படிப்பு, பொறுப்பு மட்டுமில்ல, உடல் உழைப்புக்கும், மனசு சுமக்கிற பாரத்துக்கும் மார்க் உண்டு. இதைப் படிச்சப்ப நெஜமாவே அசந்துட்டேன்.

கூடவே 'நாலெட்ஜ் அண்ட் ஸ்கில்ஸ் ஃப்ரேம்வொர்க்'. மொத்தம் 30 திறன், ஒவ்வொண்ணுலயும் 4 நிலை. அதுல 6 திறன் எல்லாருக்கும் கட்டாயம். வருஷா வருஷம் மேலதிகாரியோட உக்காந்து, எங்க இருக்கோம், அடுத்து என்ன கத்துக்கணும்னு பேசணும். (தலை சுத்துதா? அங்கயும் சுத்தியிருக்கு. 2010-ல சுருக்கிட்டாங்க.)

காகிதத்துல பிரமாதம். நடந்தது என்ன?

வார்டுல 'ஹெல்த்கேர் அசிஸ்டென்ட்'னு ஒருத்தர் இருப்பார். குளிப்பாட்டுறது, சாப்பாடு ஊட்டுறது, கழிப்பறைக்குக் கூட்டிப் போறது, இதெல்லாம் பேண்ட் 2 வேலை. பேண்ட் 1-ல புதுசா ஆள் எடுக்கிறதை 2018 டிசம்பர்லயே நிறுத்திட்டதால, இதுதான் அடிப்படி. ஆனா இவங்களுக்கே ரத்தம் எடுக்க, ஈசிஜி எடுக்க, சுகர் பாக்கப் பயிற்சி கொடுத்தாங்க. திறன் இருக்குன்னு கையெழுத்தும் போட்டாங்க. நாளைக்கு நாலு தடவை அந்த வேலையையும் வாங்கினாங்க. படி மட்டும் அப்படியே பேண்ட் 2.

2021-ல வேலை விவரத்தைத் திருத்தி எழுதினப்ப தெளிவா வந்துருச்சு: உடல் பராமரிப்பு மட்டும்னா பேண்ட் 2, மருத்துவ வேலையும் சேர்ந்தா பேண்ட் 3. யூனிசன் தொழிற்சங்கம் இதைக் கையில எடுத்துச்சு. பல ஊர்ல வேலைநிறுத்தம் நடந்துச்சு. நிறைய மருத்துவமனைகள் படியை மாத்தி, பழைய பாக்கியும் கொடுத்தாங்க.

2025-26 கணக்குப்படி ரெண்டு படிக்கும் ஆரம்பச் சம்பள வித்தியாசம் வருஷத்துக்கு 500 பவுண்டு கூட இல்ல. பேண்ட் 3-ல அனுபவம் ஆனவங்களுக்குத்தான் 2,000 பவுண்டைத் தாண்டும். "இதுக்கா இவ்ளோ சண்டை?"ன்னு வகுப்புல ஒருத்தன் கேட்டான். ஆமா, இதுக்குத்தான். வாடகைக்கும் பஸ் பாஸுக்கும் நடுவுல அல்லாடுறவங்களுக்கு அது பெரிய காசு.

எனக்குப் புரிஞ்சது இதுதான். திறனை அளக்கிறதுல செலவு கம்மி: ஒரு படிவம், ஒரு கையெழுத்து. அளந்ததுக்குக் கூலி கொடுக்கிறதுலதான் செலவு. முதல் பாதியை மட்டும் செஞ்சா அதுக்குப் பேரு பயிற்சி இல்ல. மலிவா வேலை வாங்குற வழி.

பக்கத்து வீட்டு அக்கா மதுரையில ஆறு வருஷம் நர்ஸா இருந்தவங்க. இங்க ஆஸ்கி தேர்வு எழுதி பதிவு கிடைக்கிற வரைக்கும் அசிஸ்டென்ட் வேலைதான். "தம்பி, கைக்கு எல்லாம் தெரியும், பேட்ஜுக்குத் தான் தெரியாது"ன்னு சிரிப்பாங்க.

படிச்சுக்கிட்டே இந்த வேலை பாக்குற நம்மாளுங்க நிறையப் பேர் இருக்கீங்க. ஒண்ணு செய்ங்க. உங்க ஜாப் டிஸ்கிரிப்ஷனை எடுத்து, நீங்க நெஜமா செய்யிற வேலையோட ஒப்பிட்டுப் பாருங்க. பொருந்தலைன்னா சங்கத்துல பேசுங்க. அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க, மத்தவங்களுக்கும் உதவும்.

அடுத்த வாரம் பாக்கலாம். அசைன்மென்ட் கூப்பிடுது.