கண்ணுக்குத் தெரியாத லேசர்!

லேசர்னா சிவப்பா ஒரு புள்ளி தெரியணும்னு நினைக்கிறீங்களா பாஸ்? சுவிட்சர்லாந்தின் 'ஆல்ப்ஸ் லேசர்ஸ்' தயாரிப்பது கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு லேசர்!

1994-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபெடரிகோ கபாஸோ, ஜெரோம் ஃபைஸ்ட் குழு உருவாக்கிய 'குவாண்டம் கேஸ்கேட் லேசர்'தான் அடிப்படை. படிக்கட்டில் உருளும் பந்து மாதிரி, ஒரே எலெக்ட்ரான் படிக்குப் படி ஒளியை உமிழும். நானோமீட்டர் அடுக்குகளின் தடிமனை மாற்றினால் அலைநீளமும் மாறிடும். மீத்தேன், கார்பன் மோனாக்சைடு மாதிரி வாயுக்கள் தங்களுக்கான அலைநீளங்களை மட்டும் விழுங்கும். அதனால், காற்றில் துளியூண்டு கலந்திருந்தாலும் மாட்டிக்கும்!

1998-ல் ஃபைஸ்ட்டும் சகாக்களும் கம்பெனி ஆரம்பிச்சாங்க. கண்டுபிடிப்புக்கும் கம்பெனிக்கும் நடுவே நாலே வருஷம்... நம்ம இன்ஜினீயரிங் படிப்பும் அவ்வளவுதான்!

சீனியர்களோட ஃபைனல் இயர் புராஜெக்ட் எல்லாம் வைவா முடிஞ்சதும் பீரோவில் தூங்குது. உங்களோடதையாவது தூங்க விடாதீங்க!